திருவனந்தபுரம் விமான நிலையமும் தென்வட்டத்து மக்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், முஞ்சிறைக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் அணித்தே அமைந்துள்ள பேரூர் புதுக்கடை. அயல்நாடு செல்லும் மகனையோ மருமகளையோ வழியனுப்ப இவ்வூரிலிருந்து ஒரு குடும்பம் புறப்படுமானால், அவர்கள் ஏறிய வண்டி தமிழகத் தலைநகரை நோக்கிச் செல்வதில்லை. சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. மதுரையும் தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளமும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவின. வண்டி வடமேற்கே திரும்பிக் களியக்காவிளையைக் கடக்கும். பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைத் தாண்டும். 50 கிலோமீட்டருக்கும் குறைந்த பயணத்தில் அரபிக்கடலோரம் சங்குமுகத்தில் உள்ள திருவனந்தபுரம் விமான நிலையத்தை அடையும். நிலையத்தின் பெயரை எவரும் முழுமையாகச் சொல்வதில்லை. 'ஏர்போர்ட்டு' என்றாலே இப்பகுதி மக்களுக்கு அது ஒன்றுதான்.

இந்நிலையத்தின் வரலாறு கேரளத்தில் எழுதப்படும்போது, பெரும்பாலும் இன்றைய கேரளத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. குமரி மாவட்ட வரலாற்றை எழுதுவோரோ, எல்லைக்கு அப்பாற்பட்டது எனக் கருதி இதனை விட்டுவிடுகின்றனர். இவ்விரு போக்குகளுக்கும் இடையே ஓர் உண்மை நழுவிப் போகிறது. இந்நிலையம் உருவான காலத்தில் இவ்வெல்லையே இல்லை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தென்வட்டங்களும் அன்று திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் உறுப்புகள். அவற்றின் நெல்லும் தென்னையும் செலுத்திய வரி அச்சமஸ்தானத்தின் கருவூலத்திற்குத்தான் சென்றது. ஆதலின் சங்குமுகத்து ஓடுபாதையின் வரலாற்றில் புதுக்கடைக்கும் பங்கு உண்டு.

வான்வழிக்கு முந்தைய வழிகள்

முஞ்சிறை வட்டாரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள தொடர்பு மிகத் தொன்மையானது. கி.பி. 866ஆம் ஆண்டைச் சார்ந்த ஆய்மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு இதற்குச் சான்று. முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று மன்னன் திருமால் கோயில் எடுத்ததையும், 95 சட்டர்கள் பயிலும் சாலை ஒன்றை நிறுவியதையும் அது கூறுகிறது. அச்சாலை காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றி அமைக்கப்பட்டது என்பதும் அச்செப்பேட்டால் அறியப்படும். காந்தளூர்ச் சாலை என்பது திருவனந்தபுரத்தின் வலியசாலையே என அறிஞர் பலர் கொள்வர். வேறு கருத்துடையோரும் உளர். வலியசாலை எனக் கொண்டால், புதுக்கடையை அடுத்த பார்த்திவபுரத்தில் கற்றோரும் திருவனந்தபுரத்தில் கற்றோரும் 11 நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரே கல்விநெறியால் இணைக்கப்பட்டிருந்தனர் என்பது பெறப்படும்.

பிற்காலத்தில் இத்தொடர்பு அரசியல் வடிவம் பெற்றது. திருவிதாங்கூரின் தலைநகரம் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. அரசு இடம்பெயர்ந்தபோதும் தெய்வங்கள் இடம்பெயரவில்லை. ஆகவே நவராத்திரி தோறும் பத்மநாபபுரம் தேவாரக்கட்டுச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளித் திரும்பும் வழக்கம் ஏற்பட்டது. குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே நடந்தே செல்லும் இவ்வூர்வலம் இன்றும் தொடர்கிறது. களியக்காவிளையில் தமிழகக் காவலர் விடைபெறக் கேரளக் காவலர் எதிர்கொண்டு அழைப்பர். பழைய அரசவழி எது என்று அறிய விரும்புவோர் ஆவணங்களைத் தேட வேண்டியதில்லை. இவ்வூர்வலத்தின் பின்னே நடந்தால் போதும்.

நீர்வழிக்கும் முயற்சி நடந்தது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே பார்வதி புத்தனாறு என்னும் கால்வாய், இராணி கௌரி பார்வதிபாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது வெட்டப்பட்டது. தெற்கே கன்னியாகுமரி வரை நீர்வழி அமைக்கும் நோக்குடன் 1860இல் தொடங்கப்பட்டது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். பத்மநாபசுவாமி, விக்டோரியா அரசி, அன்றைய மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா ஆகிய மூவர் பெயரையும் சுமந்த அக்கால்வாய், பூவாற்றிலிருந்து தேங்காப்பட்டணம் வழியாக மண்டைக்காடு வரை வந்து நின்றுவிட்டது. ஏ.வி.எம். கால்வாய் என்று மக்கள் வழங்கும் அதன் பெரும்பகுதி இன்று தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. தெற்கு நோக்கிய திட்டங்கள் இடைவழியில் நின்றுபோவது அன்றே தொடங்கிவிட்டது போலும்.

தொடர்வண்டியும் வடக்கிலிருந்தே வந்தது. 1918இல் கொல்லத்திலிருந்து சாக்கை வரையும், 1931இல் நகரின் நடுவே தம்பானூர் வரையும் இருப்புப்பாதை நீண்டது. அதற்குத் தெற்கே ஓரடி நீள அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

சங்குமுகத்தில் இறங்கிய சிற்றூர்தி

விமான நிலையத்தின் தோற்றத்துக்குக் காரணராகக் கூறப்படுபவர் லெப்டினன்ட் கர்னல் கோதவர்மராஜா. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908இல் பிறந்த இவர், சித்திரைத் திருநாள் மன்னரின் தங்கை கார்த்திகைத் திருநாள் இலக்குமிபாயின் கணவர். ஜி.வி. ராஜா என்றால் கேரளத்தில் விளையாட்டு ஆர்வலர் அனைவரும் அறிவர். அவர் பிறந்த நாளாகிய அக்டோபர் 13 அம்மாநிலத்தில் விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. பறத்தலில் பெருவிருப்புக் கொண்டிருந்த அவரது முயற்சியால் 1932இல் பறத்தற் கழகம் ஒன்றன் பகுதியாகச் சங்குமுகத்தில் இறங்குதளம் அமைந்தது. இவரது முடிவு வானிலேயே நேர்ந்தது: 1971 ஏப்ரல் 30இல் இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கில் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்தார்.

இறங்குதளத்துக்குத் தேர்ந்த இடம் கருதத்தக்கது. மேற்கே கடல். தெற்கே வலியதுறை, அதாவது பெரிய துறை. கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளில் சரக்கு இறக்கிய பழைய துறைமுகம். கிழக்கே பார்வதி புத்தனாறும் சாக்கைப் படகுத்துறையும். அவற்றை ஒட்டியே 1918ஆம் ஆண்டின் இருப்புப்பாதை. நீர், நிலம், கடல் என மூவகை வழிகளும் கூடிய இடத்தில்தான் நான்காவதாக வான்வழியும் வந்து சேர்ந்தது. இதனைத் திட்டமிட்ட ஒருமைப்பாடு என்று புகழ்வது மிகை. கடலோரச் சமவெளி நிலம் விமானத்துக்கு உகந்தது. பிற வழிகளுக்கும் உகந்தது அதுவே.

டாட்டாவின் அஞ்சல் விமானப் போக்குவரத்து 1932 அக்டோபர் 15இல் தொடங்கியது. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு விமானம் ஓட்டி வந்தார்; பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனைக் கொண்டு சென்றவர் அவர்தம் கூட்டாளியாகிய நெவில் வின்சென்ட். இலண்டனிலிருந்து கராச்சி வரை வந்த பேரரசு அஞ்சலை உள்நாட்டுக்குக் கொண்டு சேர்ப்பதே அச்சேவையின் நோக்கம். மூன்று ஆண்டுகள் கழித்து அதன் கிளை மேற்குக் கடற்கரையில் தெற்கே நீண்டது. 1935 அக்டோபர் 29இல், வின்சென்ட் ஓட்டிய சிறு விமானம் கோவா, கண்ணூர் வழியாகத் திருவனந்தபுரத்தில் வந்திறங்கியது. இராசப்பிரதிநிதி வில்லிங்டன் பிரபு மன்னருக்கு அனுப்பிய வாழ்த்து மடல் அதில் வந்தது. நவம்பர் 1ஆம் நாள் அஞ்சல் பைகளுடன் அவ்விமானம் பம்பாய்க்குத் திரும்பிப் பறந்தது. திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்ட முதல் வான் அஞ்சல் அதுவே.

'அஞ்சல்' என்னும் சொல்லைப் பற்றி ஈண்டு ஒன்று கூறலாம். இன்று தமிழகமெங்கும் தபாலுக்கு ஈடாக வழங்கும் இச்சொல், திருவிதாங்கூர் தனக்கென நடத்திய தபால் துறையின் பெயராகப் பல தலைமுறைகளாக வழங்கியது. அஞ்சலோட்டக்காரன் மணி கட்டிய தடியுடன் ஓடிவந்த காலத்தைத் தென்வட்டத்து முதியோர் சொல்லக் கேட்டவர் பலர். அத்துறை 1951இல் இந்திய அஞ்சல் துறையுடன் இணைந்தது. சமஸ்தானம் மறைந்தது, அதன் சொல் தமிழில் நிலைத்துவிட்டது.

1935ஐ ஒட்டிய ஆண்டுகள் திருவிதாங்கூரில் விரைவான மாற்றங்களின் காலம். 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம், 1937இல் பல்கலைக்கழகம், 1938இல் அரசுப் பேருந்து என ஒவ்வோர் ஆண்டும் ஒன்று நிகழ்ந்தது. இவற்றுள் விமானத்தைவிடத் தென்வட்டத்து மக்களின் வாழ்வைத் தொட்டது பேருந்தே. இலண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பாரை வரவழைத்து மேற்பார்வையாளராக அமர்த்தினர். 1938 பிப்ரவரி 20இல் மன்னர் சேவையைத் தொடங்கிவைத்து, அவர் ஓட்டிய முதற்பேருந்தில் குடும்பத்தாருடன் பயணம் செய்தார். முதலில் அரசு ஏற்று நடத்திய தடங்களுள் திருவனந்தபுரம் – நாகர்கோவில் தடமும் ஒன்று. திவான் சி.பி. இராமசாமி ஐயர் காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை சிமெண்டுக் கான்கிரீட்டுச் சாலையும் போடப்பட்டது. அத்திவானின் ஆட்சிமுறையைக் கடுமையாகக் குறைகூறும் தென்வட்டத்து மக்கள், அச்சாலையைப் பற்றி மட்டும் குறை கூறியதில்லை.

எல்லைக்கோடு

1947க்குப் பின் தென்வட்டத்துத் தமிழரின் கோரிக்கை வலுப்பெற்றது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு, மார்சல் நேசமணி தலைமையில், தமிழர் பெரும்பான்மையாக வாழும் வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்கப் போராடியது. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்த 1954 ஆகஸ்டு 11ஆம் நாள், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கூடிய மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிர்கள் பலியாயின. ஆண்டுதோறும் அந்நாளில் புதுக்கடையில் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. சின்னஞ்சிறு கடைத்தெருவாக இருந்த இவ்வூர் தமிழக வரலாற்றில் இடம்பெற்றது அந்நாளில்தான்.

1956 நவம்பர் 1ஆம் நாள் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவை கேரளத்தில் நின்றன. முதல் வான் அஞ்சல் திருவனந்தபுரத்தை விட்டுப் பறந்தது 1935ஆம் ஆண்டின் இதே நவம்பர் 1ஆம் நாள் என்பது தற்செயலான பொருத்தமே. ஆயினும் 21 ஆண்டுகளின் இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற்கொள்வது பயனுடையது. முன்னையது வழியொன்றைத் திறந்தது. பின்னையது அவ்வழியின் குறுக்கே கோடொன்றை வரைந்தது.

கோடு தவறானது என்று இவண் சொல்லப்படவில்லை. பள்ளியிலும் நீதிமன்றத்திலும் தம் மொழியில் பேச விரும்பிய மக்கள் அதனைப் பெற்றனர். அதற்கு உயிரையும் கொடுத்தனர். ஆனால் மொழிவழி வரையப்பட்ட எல்லை, பயணவழியைக் கேட்டு வரையப்படுவதில்லை. இணைப்புக்குப் பின் மருத்துவக் கல்லூரி, விமான நிலையம், பெரிய இருப்புப்பாதை நிலையம் ஆகிய மூன்றும் களியக்காவிளைக்கு அப்பால் நின்றன. நோயாளியை எடுத்துச் செல்வோரும், ஊர்விட்டுப் போவோரும் முன்போலவே வடமேற்கு நோக்கிச் சென்றனர். தென்வட்டங்களில் ஓடிய அரசுப் பேருந்துகளின் பொறுப்பைச் சென்னை மாநில அரசு ஏற்றது. பிற்காலத்தில் மாவட்டத்தின் போக்குவரத்துக் கழகம் நேசமணியின் பெயரையே 1997 வரை தாங்கியிருந்தது. எல்லையை மாற்றப் போராடிய தலைவரின் பெயர் எழுதிய பேருந்துகள், பயணிகளை ஏற்றிக்கொண்டு அவ்வெல்லையைத் தாண்டித் தம்பானூருக்கு ஓடிக்கொண்டிருந்தன. இதில் முரண் ஏதும் இருப்பதாக அவற்றில் பயணம் செய்த எவரும் நினைத்ததில்லை.

இருப்புப்பாதையின் கதையும் இதனை ஒத்ததே. திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரித் தடத்துக்கு இந்திரா காந்தி 1972இல் அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரலில் வண்டி ஓடியது. நாகர்கோவில் – திருநெல்வேலி இணைப்பு 1981இல் நிறைவுற்றது. அதாவது, தமிழகத்துடன் இணைந்து 23 ஆண்டுகள் கழித்து இம்மாவட்டம் பெற்ற முதல் தொடர்வண்டி கேரளத் தலைநகரத்திலிருந்து வந்தது. 1979 அக்டோபரில் உருவான திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழேயே நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அமைந்தன. மதுரைக் கோட்டத்தில் சேர்க்கப்படவேண்டும் என்ற குரல் அன்றிலிருந்து ஓய்ந்ததில்லை.

வளைகுடாவின் வாயில்

விடுதலைக்குப் பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் திருவனந்தபுரம் சிறிய உள்நாட்டு நிலையமாகவே இருந்தது. அதன் நிலையை மாற்றியது எண்ணெய். 1973க்குப் பின் எண்ணெய் விலை உயர, வளைகுடா நாடுகளில் கட்டட வேலை பெருகியது. தொடக்கத்தில் அங்குச் சென்றோர் பம்பாய் வரை தொடர்வண்டியில் போய், அங்கே விசாவுக்கும் பயணச்சீட்டுக்கும் நாட்கணக்கில் காத்திருந்து பின்னர்ப் பறந்தனர். 1970களின் பிற்பகுதியில் ஏர் இந்தியா திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கு நேரே விமானம் இயக்கத் தொடங்கியது. பம்பாயில் காத்திருக்கும் துன்பம் நீங்கியது. 1980களில் இந்தியன் ஏர்லைன்சு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சேவை நடத்தியது. 1991 சனவரி 1இல் இந்நிலையம் பன்னாட்டு விமான நிலையமாக உயர்த்தப்பட்டது. பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை என்னும் பெருநகரங்கள் நான்கினுக்கும் வெளியே அத்தகுதி பெற்ற முதல் நிலையம் இதுவே.

இச்சிறப்பைக் கேரளத்தின் வளைகுடாப் பயணிகள் ஈட்டித்தந்தனர் என்று எழுதுவது வழக்கம். அது முழு உண்மையன்று. தேங்காப்பட்டணத்து இசுலாமியரும், கருங்கல், மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளின் கொத்தனாரும் தச்சரும் மின்பணியாளரும், செவிலியர் பயிற்சி பெற்ற பெண்களும், தூத்தூர் முதல் இனயம் வரையிலான கடற்கரையின் மீனவரும் அவ்விமானங்களில் சென்றனர். வளைகுடாவின் கடலிலும் வலைவீசியவர் இம்மீனவர். அவர்கள் அனுப்பிய பணம் ஓட்டுவீடுகளைக் கான்கிரீட்டு வீடுகளாக்கியது. தங்கையர் திருமணத்தை நடத்தியது. ஆங்கிலப் பள்ளிக் கட்டணம் செலுத்தியது. நகைக்கடைகளும் வங்கிக் கிளைகளும் மார்த்தாண்டத்தில் பெருகியதன் காரணத்தைத் தேடுவோர், சங்குமுகத்திற்குச் செல்வது நலம். தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான், அக்கடற்கரை மக்களின் பழைய வாழ்வைத் தம் நாவல்களில் எழுதி 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். அவ்வாழ்வை மாற்றிய வான்வழியைப் பற்றி அத்தகைய நாவல் இன்னும் எழுதப்படவேண்டியிருக்கிறது.

வழியனுப்பும் முறையும் ஒரு சடங்காயிற்று. ஒருவர் பறக்க, பத்துப்பேர் உடன் செல்வர். இரவு இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ விமானம் எனின், அந்தி சாயும்போதே வேன் புறப்படும். கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ நின்று வணங்கிவிட்டுச் செல்வர். உள்ளே செல்வோரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருந்துவிட்டு, சங்குமுகக் கடற்கரையில் சிறிது நேரம் உட்கார்ந்து, விடியும்போது ஊர் திரும்புவர். கடலை ஒட்டிய அவ்வோடுபாதையிலிருந்து எழும் விமானத்தின் விளக்குகள் நீர்மேல் மறைவதைக் கரையிலிருந்தே காணலாம். புதுமணப் பெண்கள் பலர் அரபிக்கடலை முதன்முதலில் அவ்விரவில்தான் நன்கு பார்த்தனர் எனில் மிகையாகாது; மணமாகி ஒரு மாதத்தில் கணவனை அனுப்பிவிட்டு இரண்டாண்டுகள் காத்திருந்தவர்கள் அவர்கள்.

நிலையமும் நகரமும்

நகரின் நடுவிலிருந்து 4 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் விமான நிலையம் அமைந்திருப்பது இந்தியாவில் அரிது. இவ்வண்மையே அதன் நன்மை, அதுவே இடருமாயிற்று. ஏறத்தாழ 3,400 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை, மேற்கே கடலுக்கும் கிழக்கே நகருக்கும் இடையில் வடக்குத்தெற்காகக் கிடக்கிறது. பழைய முனையங்கள் கடற்புறமாகிய சங்குமுகத்தில் இருந்தன. 2011இல் பன்னாட்டு முனையம் நகர்ப்புறமாகிய சாக்கையில், பார்வதி புத்தனாற்றின் கரையில் திறக்கப்பட்டது. இதனால் ஒரே ஓடுபாதையின் இருபுறத்தும் இரு முனையங்கள் நிற்கின்றன. சென்னையிலிருந்து வந்திறங்கி வளைகுடா விமானம் ஏறவேண்டியவர், கண்ணெதிரே தெரியும் மறுபுறத்தை அடைய ஓடுபாதையின் எல்லையைச் சுற்றிச் சாலைவழியே செல்லவேண்டும்.

கடற்புறச் சாலைக்குக் கடலே பகையாயிற்று. 2017இன் ஒக்கிப் புயலுக்குப் பின் ஆண்டுதோறும் அலைகள் சங்குமுகச் சாலையை அரித்தன. 2021இல் அது பெரும்பாலும் இடிந்து, தடுப்புச்சுவர் எழுப்பிச் செப்பனிட்டு 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தம்பானூர்ப் பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், இரு முனையங்கள் ஆகியவற்றை இணைத்துக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மின்பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. 2005 முதல் இயங்கும் கொச்சுவேளி நிலையமும் விமான நிலையத்துக்கு அணிமையதே. 2024இல் அதற்குத் திருவனந்தபுரம் வடக்கு எனப் பெயரிட்டனர். குழித்துறையில் தொடர்வண்டி ஏறுவோர் தம்பானூரில் இறங்கி இம்மின்பேருந்தைப் பிடிக்கலாம். பெட்டி படுக்கையுடன் செல்வோருக்கு இது எளிதன்று. ஆகவே பெரும்பாலோர் வாடகை வண்டியையே நாடுகின்றனர்.

உலகில் வேறெங்கும் காண்பதற்கரிய ஒரு காட்சி இந்நிலையத்தில் ஆண்டுக்கு இருமுறை நிகழ்கிறது. பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் நிறைவில் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகக் கடலுக்கு எழுந்தருள்வார். ஈஞ்சைக்கல், வள்ளக்கடவு வழியே வரும் பழைய ஊர்வலப் பாதையின் குறுக்கே ஓடுபாதை கிடப்பதால், அன்று மாலை சுமார் ஐந்து மணிநேரம் விமானங்கள் நிறுத்தப்படும். அரச குடும்பத் தலைவர் வாளேந்தி முன்செல்ல, யானையும் குதிரையும் வாகனங்களும் ஓடுபாதையைக் கடந்து கடற்கரை சென்று, நீராட்டு முடிந்து தீவட்டி ஒளியில் அவ்வழியே திரும்பும். விமானிகளுக்கான முன்னறிவிப்பு உலகெங்கும் அனுப்பப்படும். ஆண்டில் 363 நாள் மக்களுக்கு, இரண்டு நாள் பத்மநாபனுக்கு என்று சித்திரைத் திருநாள் வகுத்தார் என வழங்கும் செய்தியும் உண்டு. பத்மநாபபுரத்துத் தெய்வங்கள் மாநில எல்லையைக் கடந்து நடக்கின்றன; திருவனந்தபுரத்துத் தெய்வம் பன்னாட்டு ஓடுபாதையைக் கடந்து நடக்கிறது. இவ்விரு ஊர்வலங்களுக்கும் வழிவிடக் கற்றுக்கொண்ட அரசுகள், புதுக்கடைப் பயணிக்கு நேரான வழியொன்றை அமைத்துக்கொடுக்க மட்டும் தயங்குவது வியப்பே.

யார் பொறுப்பு?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. மீட்கப்பட்டோருள் பலர் கப்பல் வழியாகவும் ஹெலிகாப்டர் வழியாகவும் திருவனந்தபுரத்திற்கே கொண்டுவரப்பட்டனர். உறவினர் அங்கே சென்று காத்துக் கிடந்தனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பன்னாட்டு விமானங்கள் நின்றன. பின்னர்ச் சிறப்பு விமானங்களில் திருவனந்தபுரம் வந்திறங்கிய குமரி மாவட்டத்தார், வீட்டுக்கு ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் இருந்தும், களியக்காவிளையைக் கடக்க அனுமதிச் சீட்டை எதிர்பார்க்க நேர்ந்தது. 1956இன் கோடு முதன்முறையாக மூடிய கதவாக நின்றது அப்போதுதான்.

நிலையத்தை நடத்தும் பொறுப்பு 2019இன் ஏலத்தில் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. கேரள அரசும் அவ்வேலத்தில் கலந்துகொண்டு தோற்றது. கேரளச் சட்டமன்றம் 2020 ஆகஸ்டில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அக்டோபரில் உயர்நீதிமன்றம் அரசின் வழக்கைத் தள்ளியது. 2021 அக்டோபர் 14 முதல் 50 ஆண்டுக் குத்தகை நடைமுறைக்கு வந்தது. தனியார் நடத்துவது நன்றா, அன்றா என்பது வேறு ஆய்வு. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றே: ஆண்டுக்கு 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தும் இந்நிலையத்தைப் பற்றிய அவ்விவாதம் முழுவதிலும் தென்வட்டத்துப் பயணியின் குரல் எழவில்லை. கேரளச் சட்டமன்றத்தில் அவருக்கு உறுப்பினர் இல்லை. தமிழகச் சட்டமன்றத்திற்கோ அது அயல்மாநிலச் செய்தி. பயனர் கட்டணத்தை மட்டும் இரு மாநிலத்தாரும் ஒன்றுபோலவே செலுத்துகின்றனர்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கெனத் தனி விமான நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுந்து, சாமித்தோப்பு போன்ற இடங்கள் பேசப்பட்டு அடங்கியது. நெருங்கிய மக்கள் குடியிருப்பும், குளமும் வயலும், மேற்குத் தொடர்ச்சி மலையும் நெருக்கும் சிறிய மாவட்டத்தில் அதற்கு நிலம் காண்பது அரிது. தூத்துக்குடி நிலையத்தில் ஓடுபாதை நீட்டப்பட்டு, புதிய முனையம் 2025 சூலையில் திறக்கப்பட்டது. அகத்தீசுவரம், தோவாளை மக்களுக்கு அது ஓரளவு உதவும். புதுக்கடைக்கு உதவாது. 1988இல் கோழிக்கோடும் 1999இல் கொச்சியும் விமான நிலையம் பெற்றதால் வடகேரளப் பயணிகள் திருவனந்தபுரத்தைவிட்டு அகன்றனர்; இந்நிலையத்துக்குத் தென்வட்டத்தாரின் வருகை முன்னைவிட இன்றியமையாததாயிற்று. ஆகவே புதிய ஓடுபாதையைக் கேட்பதைவிட, உள்ள ஓடுபாதைக்கு நல்ல வழியைக் கேட்பதே அறிவுடைமை.

அவ்வழி பாதி அமைந்துவிட்டது. கழக்கூட்டத்தில் தொடங்கும் நான்குவழிப் புறவழிச்சாலை சாக்கை முனையத்தை ஒட்டி வந்து, ஈஞ்சைக்கல், திருவல்லம், கோவளம், முக்கோலை வழியாகக் காரோட்டில் தமிழக எல்லையைத் தொடுகிறது. அதன் தொடர்ச்சியாகத் தமிழகப் பகுதியில் வில்லுக்குறி, நாகர்கோவில் வழியே கன்னியாகுமரி வரை செல்லவேண்டிய சாலை, மண் கிடைக்காமையாலும் ஒப்பந்தச் சிக்கல்களாலும் 2020களின் நடுப்பகுதி வரையிலும் முழுமை பெறவில்லை. 2019 மார்ச்சு 1இல் பிரதமர் திறந்துவைத்த மார்த்தாண்டம் மேம்பாலம் கடைத்தெருவின் நெரிசலைக் குறைத்ததே அன்றி, குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையே உள்ள பழைய சாலை அகலவில்லை.

விடியற்காலை விமானத்துக்குப் புதுக்கடையிலிருந்து புறப்படுவோர் இன்றும் முந்திய இரவு ஒன்பது மணிக்கே வண்டியேறுகின்றனர். ஐம்பது கிலோமீட்டர் கூட இல்லாத வழிதான். ஆயினும் களியக்காவிளைச் சந்தைக்கு வரும் சரக்கு லாரிகள் எப்போது வழிவிடும் என்று எவராலும் உறுதிகூற இயலாது.